பள்ளி முடிந்த பிறகும் ஓடும் நிரல்

மாணவர்களே, ஒரு பள்ளியின் அறிவியல் கழகத்தை எண்ணிப் பாருங்கள். பள்ளிக்குப் பின்புறம் ஓடும் பெரிய கால்வாயில் மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு உயர்கிறது என்று அளக்க அதன் உறுப்பினர்கள் முடிவு செய்கிறார்கள். ஒரு ராஸ்பெரி பை கணினி, மீயொலியால் நீர்மட்டத்தை அளக்கும் ஓர் உணரி, ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிய ஒரு நிரல். கருவி அவ்வளவுதான். 5 நிமிடத்துக்கு ஒரு முறை நிரல் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளும். பள்ளியின் கணினிக் கூடத்தில் உள்ள எந்தக் கணினியிலிருந்தும் அந்த அளவை உலாவியில் திறந்து பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலை எல்லாம் சரியாக ஓடுகிறது. ஆறு மணிக்கு மடிக்கணினியை மூடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். சனிக்கிழமை இரவு கனமழை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து பார்த்தால், கடைசிப் பதிவு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எடுத்தது. எந்த இரவை அளப்பதற்காகக் கருவியைச் செய்தார்களோ, அந்த இரவுக்கு ஓர் அளவுகூட இல்லை.

நிரலில் பிழை இல்லை. உணரியும் கெடவில்லை. மடிக்கணினியை மூடியபோது நிரலும் கூடவே நின்றுவிட்டது. அது ஏன் நின்றது, நிற்காமல் ஓட வைப்பது எப்படி என்பதே இந்த வாரப் பாடம்.

இது பள்ளிக் கழகத்தின் கவலை மட்டுமல்ல. நம் நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். நீர்ப்பாசன, வடிகால் துறை ஆறுகளின் நீர்மட்டத்தை அளந்து, சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்ற நான்கு நிலைகளாகப் பொதுமக்களுக்கு இணையத்தில் காட்டுகிறது. அப்படிப்பட்ட ஒரு கருவியின் பின்னால் ஓடும் நிரல் மழை இரவில் மௌனமாகிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

உலாவியிலிருந்து வெளியே வந்த மொழி

ஜாவாஸ்கிரிப்ட் மொழியை 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கினார். அதன் முதல் வடிவம் ஏறத்தாழ 10 நாள்களில் எழுதப்பட்டது. உலாவிக்குள் பக்கங்களுக்கு உயிரூட்டுவதே அப்போது அதன் வேலை. பொத்தானை அழுத்தினால் நிறம் மாறும்; படிவத்தில் ஓர் இடத்தை நிரப்பாமல் விட்டால் எச்சரிக்கை வரும். உலாவியை மூடினால் நிரலும் முடிந்தது. யாருக்கும் கவலை இல்லை.

2009இல் ரையன் டால் என்ற நிரலாளர் நோட்.ஜேஎஸ் என்ற மென்பொருளை வெளியிட்டார். கூகள் குரோம் உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கும் 'வி8' என்ற இயந்திரத்தை எடுத்து, உலாவி இல்லாமலேயே கணினியில் இயங்கும்படி அமைத்தார். அன்றிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் சர்வர் மொழியாகவும் ஆனது. கோப்பைத் திறக்கலாம், உணரியைப் படிக்கலாம், உலாவிகள் கேட்கும் பக்கங்களை அனுப்பலாம்.

படிவம் 5 கணினி அறிவியலில் பிஎச்பி படிக்கும் மாணவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பிஎச்பியில் பொதுவாக ஒவ்வொரு வேண்டுகோளும் தனியாகக் கையாளப்படும். ஒரு பக்கத்தில் பிழை வந்தால் அந்தப் பக்கம் மட்டும் கெடும். பின்னால் இருக்கும் வலைச் சர்வர் தொடர்ந்து ஓடும். நோட்.ஜேஎஸ்ஸில் உங்கள் நிரலே சர்வர். வருகின்ற எல்லா வேண்டுகோள்களையும் ஒரே நிரல் வரிசையாகக் கவனிக்கிறது. யாரும் பிடிக்காத ஒரு பிழை எங்காவது எழுந்தால் நிரல் முழுவதும் நின்றுவிடும். ஒரே ஊழியர் நடத்தும் கடையைப் போல: அவர் மயங்கி விழுந்தால் கடையே மூடப்படும். ஆகவே நோட்.ஜேஎஸ் எழுதுகிறவர், தன் நிரல் விழும்போது அதை யார் எழுப்புவார் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

நிரல் நின்றுபோக நான்கு காரணங்கள்

இயங்கிக்கொண்டிருக்கும் நிரலுக்குப் 'புரோசஸ்' என்று பெயர். கோப்பில் எழுதி வைத்திருப்பது சமையல் குறிப்பு என்றால், புரோசஸ் என்பது அடுப்பில் கொதிக்கும் குழம்பு. அது நின்றுபோகப் பெரும்பாலும் கீழ்க்காணும் நான்கில் ஒன்றே காரணமாக இருக்கும்.

முதலாவது, சாளரம் மூடப்படுவது. தொலைவிலிருக்கும் கணினியில் முனையச் சாளரம் வழியாக நிரலைத் தொடங்கினால், அது அந்தச் சாளரத்தின் பிள்ளையாகவே ஓடும். சாளரம் மூடப்பட்டதும் லினக்ஸ் இயங்குதளம் அந்தப் பிள்ளைகளுக்கு 'சிக்ஹப்' என்ற சமிக்ஞையை அனுப்பும். தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியோடு பேசிய காலத்தில், மறுமுனையில் தொலைபேசி வைக்கப்பட்டது என்று அறிவிக்கப் பிறந்த சமிக்ஞை அது. அந்தச் சமிக்ஞை வந்தால் என்ன செய்வது என்று நிரல் தனியாகச் சொல்லியிருக்காவிட்டால், அது முடிந்துபோகும். நம் அறிவியல் கழகத்துக்கு நேர்ந்தது இதுதான்.

இரண்டாவது, பிடிக்கப்படாத பிழை. உணரி எண்ணுக்குப் பதிலாக வெறுமையை அனுப்பியது, கோப்பு காணாமல் போனது போன்றவை.

மூன்றாவது, நினைவகம் தீர்ந்துபோவது. பழைய அளவுகளை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போய், எதையும் நீக்காமல் விட்டால் பட்டியல் நாளுக்கு நாள் வீங்கும். ஒரு நாள் இயங்குதளமோ நோட்.ஜேஎஸ்ஸோ அந்த நிரலை நிறுத்திவிடும்.

நான்காவது, மின்தடை. மின்சாரம் திரும்பி வந்ததும் கணினி தானாக எழும். ஆனால் நீங்கள் கையால் தொடங்கிய நிரல் தானாக எழாது.

இந்த நான்கையும் சமாளிக்க ஒரே வழி, நிரலை நம் கையிலிருந்து எடுத்து இயங்குதளத்தின் கையில் ஒப்படைப்பதுதான். அப்படி ஒப்படைக்கப்பட்ட நிரலே பின்னணிச் சேவை.

இயற்பியலிலிருந்து வந்த பெயர்

யூனிக்ஸ், லினக்ஸ் உலகில் பின்னணிச் சேவைக்கு 'டீமன்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. 1963இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 'புராஜெக்ட் மேக்' என்ற திட்டத்தில் வேலை செய்தவர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். அதை அவர்கள் எடுத்தது இயற்பியலிலிருந்து.

ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1867இல் ஒரு கற்பனைச் சோதனையை எழுதினார். ஒரு பெட்டியின் நடுவில் சுவர். சுவரில் ஒரு சிறு கதவு. கதவருகே ஒரு நுண்ணிய உயிர் உட்கார்ந்து, வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவான மூலக்கூறுகளை மறுபக்கமும் ஓயாமல் பிரித்து அனுப்புகிறது. இந்த உயிருக்குப் பின்னர் 'மேக்ஸ்வெல்லின் பூதம்' என்ற பெயர் நிலைத்தது. யார் கண்ணிலும் படாமல், களைப்பில்லாமல், சொன்ன ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கும் அந்தப் பூதம்தான் பின்னணி நிரலுக்குப் பெயர் கொடுத்தது. லினக்ஸில் பல சேவைகளின் பெயர் 'டி' என்ற எழுத்தில் முடிவதைப் பார்க்கலாம். அந்த 'டி', டீமனைக் குறிக்கிறது.

எண் 1: எல்லோருக்கும் மூத்தவர்

லினக்ஸ் கணினி எழும்போது, இயங்குதளத்தின் கரு முதலில் ஒரே ஒரு புரோசஸைத் தொடங்கி வைக்கும். அதன் அடையாள எண் 1. மற்ற சேவைகளை எல்லாம் தொடங்கி வைப்பது இந்த மூத்தவரின் பொறுப்பு. பெற்ற சாளரம் மூடப்பட்டு அநாதையாகிவிடும் புரோசஸ்கள்கூட வழக்கமாக இவரிடமே வந்து சேரும்.

இன்றைய பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் இந்த எண் 1 புரோசஸ் 'சிஸ்டம்டி' என்ற மென்பொருள். லெனார்ட் பொட்டெரிங், கே சீவர்ஸ் ஆகியோர் 2010இல் இதைத் தொடங்கினார்கள். 2015இல் டெபியனும் உபுண்டுவும் இதையே இயல்பான ஏற்பாடாக ஏற்றுக்கொண்டன. ராஸ்பெரி பையின் இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது என்பதால் அதிலும் சிஸ்டம்டியே உள்ளது. விண்டோஸிலும் மேக் கணினியிலும் இதே வேலையைச் செய்ய வேறு பெயரில் ஏற்பாடுகள் உண்டு.

சேவைக் கோப்பு எழுதுவோம்

சிஸ்டம்டியிடம் ஒரு நிரலை ஒப்படைக்க ஒரு சிறிய உரைக் கோப்பு போதும். அதன் பெயர் '.சர்வீஸ்' என்று முடிய வேண்டும். புதிய ஊழியரிடம் கொடுக்கும் வேலைக் குறிப்பைப் போன்றது அது. தட்டச்சு செய்யும்போது சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுவீர்கள். ஒவ்வொரு வரியும் எதற்கு என்பதை இங்கே புரிந்துகொள்வோம். கோப்பில் மூன்று பகுதிகள் உண்டு.

'யூனிட்' பகுதி: இது என்ன சேவை என்று ஒரு வரி விளக்கம். எந்தச் சேவைக்குப் பிறகு இதைத் தொடங்க வேண்டும் என்ற வரிசையையும் 'ஆஃப்டர்' என்ற வரியால் சொல்லலாம்.

'சர்வீஸ்' பகுதி: இதுவே கோப்பின் இதயம். இதில் ஐந்து வரிகள் முக்கியம்.

1. 'எக்ஸெக்ஸ்டார்ட்': எதை இயக்க வேண்டும் என்ற கட்டளை. நோட்.ஜேஎஸ் இருக்கும் இடத்தையும் உங்கள் நிரல்கோப்பு இருக்கும் இடத்தையும் முழு முகவரியாக எழுதுங்கள். உங்கள் முனையச் சாளரத்துக்குத் தெரிந்த குறுக்குவழிகள் சிஸ்டம்டிக்குத் தெரியாது. "நான் கையால் தொடங்கினால் ஓடுகிறது, சேவையாகத் தொடங்கினால் ஓடவில்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

2. 'வொர்க்கிங் டைரக்டரி': எந்தக் கோப்புறையில் நின்று வேலை செய்ய வேண்டும். இதை எழுதாவிட்டால், "பக்கத்தில் இருக்கும் தரவுக் கோப்பைத் திற" என்று நிரல் சொல்லும்போது அது வேறெங்கோ தேடும்.

3. 'யூசர்': எந்தப் பயனர் பெயரில் ஓட வேண்டும். எல்லா அதிகாரமும் கொண்ட 'ரூட்' பயனரை இங்கே எழுதாதீர்கள். நிரலில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து யாராவது உள்ளே நுழைந்தால், அந்தப் பயனருக்கு என்ன அதிகாரம் உண்டோ அதுவே நுழைந்தவருக்கும் கிடைக்கும். சாவிக்கொத்து முழுவதையும் கொடுக்காமல், ஓர் அறையின் சாவியை மட்டும் கொடுங்கள். லினக்ஸில் 1024க்குக் குறைந்த வாயில் எண்களைத் திறக்க வழக்கமாகச் சிறப்பு அதிகாரம் வேண்டும். ஆகவே உங்கள் பக்கத்துக்கு 3000 போன்ற எண்ணைப் பயன்படுத்துங்கள்.

4. 'ரீஸ்டார்ட்': நிரல் விழுந்தால் என்ன செய்வது. 'ஆன்-ஃபெய்லியர்' என்றால் பிழையால் விழும்போது மட்டும் மீண்டும் தொடங்கும். 'ஆல்வேஸ்' என்றால் எப்படி முடிந்தாலும் தொடங்கும். நீர்மட்ட நிரல் ஒருபோதும் முடியக்கூடாதது. ஆகவே 'ஆல்வேஸ்' பொருந்தும். நீங்களே கட்டளை கொடுத்து நிறுத்தினால் மட்டும் அது நின்றபடியே இருக்கும்.

5. 'ரீஸ்டார்ட்செக்': விழுந்த பிறகு எத்தனை விநாடி கழித்து எழுப்ப வேண்டும். எதுவும் எழுதாவிட்டால் 0.1 விநாடி. நாம் 10 விநாடி என்று வைத்துக்கொள்வோம்.

'இன்ஸ்டால்' பகுதி: கணினி எழும்போது இந்தச் சேவையையும் தொடங்கும் பட்டியலில் சேர்க்க ஒரு வரி.

கோப்பை எழுதி முடித்ததும் சிஸ்டம்டியைத் தன் கோப்புகளை மறுபடி படிக்கச் சொல்ல வேண்டும். அடுத்து 'ஸ்டார்ட்', 'எனேபிள்' என்ற இரண்டு கட்டளைகள். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது மிகவும் சாதாரணம். 'ஸ்டார்ட்' என்றால் இப்போதே தொடங்கு. 'எனேபிள்' என்றால் இனி கணினி எழும்போதெல்லாம் தொடங்கு. முதலாவதை மட்டும் கொடுத்தால் எல்லாம் சரியாக ஓடுவது போலவே தெரியும். அடுத்த மின்தடை வரும்வரை.

மறுதொடக்கத்தின் கணக்கு

இந்தச் சில வரிகளால் என்ன இலாபம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்தில் மொத்தம் 168 மணி நேரம். நிரல் வாரத்துக்கு ஒரு முறை, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலை 7 மணிக்கு யாரோ வந்து கையால் எழுப்புகிறார்கள். இடையில் போனது 61 மணி நேரம். மணிக்கு 12 அளவு வீதம் 732 அளவுகள் இல்லை. நிரல் ஓடிய நேரம் 107 மணி, அதாவது வாரத்தில் 63.7 விழுக்காடு மட்டுமே.

அதே நிரலை 10 விநாடியில் சிஸ்டம்டி எழுப்பிவிட்டால்? வாரத்தில் 604,800 விநாடிகள். அதில் 10 விநாடி மட்டுமே இழப்பு. ஓடிய நேரம் 99.998 விழுக்காடு. நிரலில் ஓர் எழுத்தைக்கூட நாம் மாற்றவில்லை. அதே பிழை அப்படியே இருக்கிறது. விழுந்தவரை எழுப்ப ஆள் வைத்தோம், அவ்வளவுதான்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் சேவையின் நம்பகத்தை இப்படித்தான் அளக்கின்றன. 99 விழுக்காடு என்று கேட்டால் உயர்வாகத் தோன்றும். ஓர் ஆண்டில் அது மூன்றரை நாளுக்கும் மேலான இழப்பு. 99.9 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 8 மணி 46 நிமிடம். 99.99 என்றால் சுமார் 53 நிமிடம்.

ஓடுவது வேறு, வேலை செய்வது வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை. மறுதொடக்கம் எல்லா நோய்க்கும் மருந்தாகாது.

நம் நிரல் எல்லா அளவுகளையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறது. புதிய அளவு வரும்போதெல்லாம் கோப்பு முழுவதையும் அழித்துத் திரும்ப எழுதுகிறது என்று கொள்வோம். சரியாக எழுதும் நேரத்தில் மின்சாரம் போகிறது. கோப்பு பாதியில் அறுந்துவிடுகிறது. மின்சாரம் வந்ததும் சிஸ்டம்டி நிரலை எழுப்புகிறது. நிரல் முதல் வேலையாக அந்தக் கோப்பைப் படிக்கிறது. அறுந்த கோப்பைப் புரிந்துகொள்ள முடியாமல் விழுகிறது. 10 விநாடியில் சிஸ்டம்டி மறுபடி எழுப்புகிறது. மறுபடி விழுகிறது. விடிய விடிய இதே கதை. ஓர் அளவுகூடப் பதிவாகாது. இதை விழுந்தெழும் சுழல் என்று சொல்லலாம்.

சிஸ்டம்டியில் இதற்கு ஒரு தடுப்பு உண்டு. 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் ஒரு சேவையைத் தொடங்க வேண்டி வந்தால், அது கைவிட்டு, சேவை தோற்றது என்று குறித்துவிடும். ஆனால் நாம் ஒவ்வொரு முறையும் 10 விநாடி காத்திருக்கச் சொன்னதால் இந்த எல்லையை நிரல் தொடவே தொடாது. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால், எல்லையின் கால அளவையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும்.

சுழலின் வேரை நிரலில்தான் அறுக்க வேண்டும். ஒவ்வோர் அளவையும் கோப்பின் கடைசியில் ஒரு புதிய வரியாகச் சேர்த்தால், மின்தடை வந்தாலும் அதிகம் போனால் கடைசி வரிதான் கெடும். படிக்கும்போது புரியாத வரியைத் தாண்டிச் செல்லும்படி எழுதினால், நிரல் விழாது.

இன்னொரு தொல்லை இதைவிட நுட்பமானது. நிரல் விழவே இல்லை. ஆனால் எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. அல்லது உணரியின் கம்பி கழன்று, ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறது. சிஸ்டம்டி பார்த்தால் புரோசஸ் உயிரோடு இருக்கிறது, எல்லாம் நலம். மாட்டிக்கொண்ட நிரலைக் கண்டுபிடிக்க 'காவல் கடிகாரம்' என்ற உத்தி உண்டு. "நான் நலமாக இருக்கிறேன்" என்று நிரல் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால், அது மாட்டிக்கொண்டது என்று முடிவுகட்டி மறுதொடக்கம் செய்யப்படும். சிஸ்டம்டியிலும் இந்த வசதி இருக்கிறது. ஆனால் கம்பி கழன்ற கதையை இதுவும் கண்டுபிடிக்காது. வரும் எண் நம்பத்தக்கதா என்று நிரலே சோதிக்க வேண்டும்.

செவ்வாயில் நடந்த மறுதொடக்கம்

காவல் கடிகாரத்தின் புகழ்பெற்ற கதை செவ்வாய்க் கோளில் நடந்தது. 1997 ஜூலை 4ஆம் நாள் நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாள்களில் அதன் கணினி அவ்வப்போது தானாக மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப் போயின.

பொறியாளர்கள் பூமியில் இருந்த மாதிரிக் கருவியில் அதே நிலையை உருவாக்கிக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். வானிலை அளவுகளைச் சேர்க்கும் வேலைக்கு முன்னுரிமை குறைவு. தரவுகளைப் பகிர்ந்தனுப்பும் வேலைக்கு முன்னுரிமை மிக அதிகம். இரண்டும் ஒரு பொதுப் பொருளைப் பூட்டிப் பூட்டிப் பயன்படுத்தின. வானிலை வேலை பூட்டை வைத்திருந்த நேரத்தில், நடுத்தர முன்னுரிமை கொண்ட மற்றொரு வேலை புகுந்து அதை ஓடவிடாமல் செய்தது. பூட்டு திறக்கவில்லை, மிக முக்கியமான வேலை காத்துக்கொண்டே இருந்தது. அது குறித்த நேரத்தில் முடியவில்லை என்பதைப் பாதுகாப்பு ஏற்பாடு கவனித்து, கணினியை மறுதொடக்கம் செய்தது.

பூட்டை வைத்திருக்கும் வேலைக்கு, அதற்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் ஓர் அமைப்பு அந்த மென்பொருளில் ஏற்கெனவே இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்து திருத்தம் அனுப்பி அதை இயக்கினார்கள். கோளாறு தீர்ந்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. மறுதொடக்கம் இல்லாதிருந்தால், கையால் தொட முடியாத தொலைவில் விண்கலம் உறைந்து நின்றிருக்கும். மறுதொடக்கத்தோடு திருப்தி அடைந்திருந்தால், கோளாறு நாள்தோறும் வேலையைத் தின்றுகொண்டே இருந்திருக்கும்.

பதிவேடு: இரவில் நடந்ததைச் சொல்லும் சாட்சி

கோளாற்றைத் தேட நமக்கும் சாட்சி வேண்டும். முனையச் சாளரத்தில் நிரல் எழுதும் செய்திகளை நாம் கண்ணால் பார்க்கிறோம். பின்னணிச் சேவைக்குச் சாளரம் இல்லை. அதன் செய்திகளைச் சிஸ்டம்டி நேரத்தோடு ஒரு பதிவேட்டில் சேர்த்து வைக்கும். 'ஜர்னல்சிடிஎல்' என்ற கட்டளையால் குறிப்பிட்ட சேவையின் குறிப்பிட்ட இரவை மட்டும் எடுத்துப் படிக்கலாம். "பிழை" என்று மட்டும் எழுதும் நிரல் யாருக்கும் உதவாது. "உணரியிலிருந்து 3 முறை பதில் இல்லை" என்று எழுதும் நிரல் காலையில் உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும்.

ராஸ்பெரி பை பயன்படுத்துகிறவர்கள் நேரத்தைப் பற்றி ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பல ராஸ்பெரி பை வகைகளில் மின்சாரம் இல்லாதபோது ஓடும் கடிகாரம் கிடையாது. மின்தடைக்குப் பிறகு இணையத்திலிருந்து சரியான நேரத்தைப் பெறும்வரை அது பழைய நேரத்தையே காட்டும். மழை இரவில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போவது உண்டு. அப்போது நீர்மட்டம் சரியாக இருக்கும். அதன் நேரம் தவறாக இருக்கும். மின்கலம் பொருத்திய சிறிய கடிகாரச் சில்லு ஒன்றை இணைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

நாகரிகமாக விடைபெறுதல்

சேவையை நிறுத்தும்படி நீங்கள் சொன்னால், சிஸ்டம்டி முதலில் 'சிக்டெர்ம்' என்ற சமிக்ஞையை அனுப்பும். "வேலையை முடித்துக்கொண்டு கிளம்பு" என்று அதற்குப் பொருள். இயல்பாக 90 விநாடி பொறுத்திருக்கும். அதற்குள் கிளம்பாவிட்டால் 'சிக்கில்' என்ற சமிக்ஞை வரும். அதை எந்த நிரலும் தடுக்கவோ தாமதிக்கவோ முடியாது. அந்தக் கணமே முடிவு.

நல்ல நிரல் முதல் சமிக்ஞை வந்ததும் புதிய வேண்டுகோள்களை ஏற்பதை நிறுத்தும், கையில் இருக்கும் அளவைக் கோப்பில் எழுதும், கோப்பை மூடும், பிறகு விடைபெறும். நோட்.ஜேஎஸ்ஸில் இதற்குச் சில வரிகளே போதும். ஆனால் மின்தடை எந்தச் சமிக்ஞையும் அனுப்பாது என்பதால், இந்த நாகரிகத்தை மட்டும் நம்பி அளவுகளை நினைவகத்தில் குவித்து வைக்கக்கூடாது.

சிஸ்டம்டியைத் தவிர வேறு வழியும் உண்டு. 'பிஎம்2' என்பது நோட்.ஜேஎஸ் நிரல்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே எழுதப்பட்ட கருவி. பல நிரல்களை ஒரே இடத்தில் கவனிக்க அது வசதியானது. ஆனால் அந்த பிஎம்2வையும் கணினி எழும்போது யாராவது தொடங்கி வைக்க வேண்டும் அல்லவா? லினக்ஸில் அந்த வேலை பெரும்பாலும் சிஸ்டம்டியிடமே போய்ச் சேரும். காவலாளியைக் காப்பவர் யார் என்று கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் எண் 1 புரோசஸில் வந்து நிற்போம்.

செய்து பாருங்கள்

சேவை தயார் என்று சொல்வதற்கு முன் கீழ்க்காணும் நான்கு சோதனைகளையும் செய்யுங்கள். வெயில் அடிக்கும் நாளில் செய்வது நல்லது.

1. முனையச் சாளரத்தை மூடிவிட்டு, வேறு கணினியிலிருந்து பக்கத்தைத் திறந்து பாருங்கள். அளவு வருகிறதா?

2. நிரலுக்கு நீங்களே 'சிக்கில்' அனுப்பி வீழ்த்துங்கள். 10 விநாடி கழித்து எழுகிறதா? அதன் புரோசஸ் எண் மாறியிருக்கிறதா?

3. கணினியை முறையாக மறுதொடக்கம் செய்யுங்கள். யாரும் கை வைக்காமல் சேவை தானாகத் தொடங்குகிறதா?

4. உணரியின் கம்பியைக் கழற்றுங்கள். பக்கம் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கிறதா, அல்லது "அளவு இல்லை" என்று உண்மையைச் சொல்கிறதா?

நான்காவதில்தான் பல நிரல்கள் தோற்கின்றன. பக்கத்தில் நீர்மட்டத்தோடு, அது எத்தனை நிமிடங்களுக்கு முன் அளக்கப்பட்டது என்பதையும் காட்டுங்கள். பழைய அளவைப் புதிது போலக் காட்டும் கருவி, நின்றுபோன கருவியைவிட ஆபத்தானது. நின்றுபோன கருவியை யாரும் நம்பப்போவதில்லை.

அருஞ்சொற்கள்

புரோசஸ்: இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்.
பின்னணிச் சேவை: எந்தச் சாளரத்தையும் சாராமல், இயங்குதளத்தின் பொறுப்பில் ஓடும் நிரல்.
சமிக்ஞை: இயங்குதளம் வழியாகப் புரோசஸுக்கு அனுப்பப்படும் சிறு அறிவிப்பு.
காவல் கடிகாரம்: குறித்த நேரத்தில் நலச்செய்தி வராவிட்டால் மறுதொடக்கம் செய்யும் ஏற்பாடு.
பதிவேடு: நிரல் எழுதிய செய்திகளை நேரத்தோடு சேர்த்து வைக்கும் தொகுப்பு.

சிந்தித்து விடை காண்க

1. ஒரு நிரல் நாளொன்றுக்கு 6 முறை விழுகிறது. ஒவ்வொரு முறையும் 20 விநாடியில் எழுப்பப்படுகிறது. ஒரு நாளில் அது ஓடிய நேரம் எத்தனை விழுக்காடு?

2. மேற்கண்ட விடை உயர்வாக இருப்பதால் அந்த நிரலை அப்படியே விட்டுவிடலாமா? உங்கள் காரணத்தை எழுதுங்கள்.

3. 'ரீஸ்டார்ட்செக்' 1 விநாடியாகவும், தொடங்கிய உடனேயே நிரல் விழுவதாகவும் இருந்தால், சிஸ்டம்டியின் இயல்பான எல்லையை அது தொடுமா? விளக்குங்கள்.

4. மின்தடை, பிடிக்கப்படாத பிழை, கழன்ற கம்பி ஆகிய மூன்றில், சேவைக் கோப்பால் மட்டுமே தீர்க்க முடியாதது எது? அதைத் தீர்க்க நிரலில் என்ன சேர்ப்பீர்கள்?